ஓட்டைக் காசு செல்லும்

வருவாய்த் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு வணக்கம். இப்போது தங்கைகளும் வருகிறீர்களாம், உங்களுக்கும் வணக்கம். சங்கத்து மலருக்கு அனுபவம் எழுதித் தரச் சொல்லி உங்களில் இரண்டு பேர் என் வீடு தேடி வந்து, காப்பி குடித்துவிட்டு, "உங்க சாதனையப் பத்தி எழுதுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். சாதனையா! தாலுகா கச்சேரியில் காலம் பூராவும் குப்பை கொட்டியவனிடம் சாதனைக்கு எங்கே போவது? கிஸ்தி என்கிற நிலவரி வசூலித்தேன், ஜப்தி செய்தேன், மேலே இருந்தவர்களிடமும் கீழே இருந்தவர்களிடமும் திட்டு வாங்கினேன், இப்போது பென்ஷன் வாங்குகிறேன். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நாள் உண்டு. சர்க்கார் என்றால் என்ன, காசு என்றால் என்ன என்று அன்றைக்கு ஒரு பகல் பொழுதில் தெரிந்துகொண்டேன். பரீட்சைக்கு நீங்கள் உருப்போட்ட புத்தகத்தில் அது இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். மதுரையில் ஒரு கச்சேரி. எந்தக் கச்சேரி என்று துருவாதீர்கள், சம்பந்தப்பட்டவர்களின் பேரன்மார் சிலர் உங்களுக்கு மேலதிகாரிகளாக இருக்கிறார்கள். நான் அப்போதுதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆகியிருந்தேன். புது ஜோடு, புதுச் சைக்கிள், புது மனைவி. மூன்றும் அப்போது கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும்.

எங்கள் தாசில்தாருடைய பெயரையும் விட்டுவிடுகிறேன். பொடி போடுவார், மற்றபடி எந்த வேலையிலும் அவசரப்பட மாட்டார். நான் சேர்ந்த முதல் வாரமே கூப்பிட்டு உட்கார வைத்து எனக்கு இலக்கணம் சொன்னார்.

"ஃபைல்ல எந்தக் காலத்துலயும் 'நான் செய்தேன்'னு எழுதாதய்யா. 'செய்யப்பட்டது'ன்னு எழுது. 'நான் திறந்தேன்'னு எழுதினா நாளைக்கு உன்னையத் தேடி வருவான். 'திறக்கப்பட்டது'ன்னு எழுதினா யாரத் தேடி வருவான்?"

அப்போது சிரிப்பு வந்தது. பிற்பாடு அந்த மனிதர் சொல்லிக்கொடுத்ததிலேயே உருப்படியானது அதுதான் என்று ஆயிற்று.

சில்லறைக்கு வருகிறேன். யுத்தத்தில் செம்பு எல்லாம் தோட்டாவுக்குப் போய்விட்டது என்றார்கள். இருந்த காலணா அரையணாவையும் ஜனங்கள் பானையில் போட்டு மூடிவிட்டார்கள். கையில் ஒரு ரூபாய் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு டீ குடிக்க முடியாது. கடைக்காரன் நோட்டைப் பார்த்ததும் கும்பிடு போட்டு, "சில்லறை இருந்தா நில்லுங்க, இல்லன்னா வழிய விடுங்க" என்பான். கோயில் வாசல் பிச்சைக்காரர்களிடம் மட்டும்தான் சில்லறை இருந்தது. அவர்களும் சும்மா கொடுப்பார்களா? ரூபாய்க்கு ஓரணா பிடித்துக்கொண்டுதான் மாற்றிக் கொடுத்தார்கள். கெஜட்டட் ஆபீசர் ஒருவர் பிச்சைக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். பிச்சைக்காரர் கடைசி வரை இறங்கவில்லை.

காஜிமார் தெரு முக்கில் மீரான் பாய் என்று ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அறுபது வயதிருக்கும், தாடியில் பாதி வெள்ளை. சில்லறை இல்லாமல் வியாபாரம் படுத்துப்போகவே, பாத்திரக்காரர்களிடம் சொல்லிப் பித்தளையில் சின்னச் சின்ன வில்லைகள் வெட்டிக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ஒரு கெட்டில் படம். ஒரு வில்லைக்கு ஒரு டீ, அதாவது அரையணா. நீங்கள் ரூபாய் நோட்டைக் கொடுத்து டீ குடித்தால் மீதிக்கு வில்லை தருவார். மறுநாள் வில்லையைக் கொடுத்தால் டீ. டீ வேண்டாம், முப்பத்திரண்டு வில்லை சேர்ந்துவிட்டது, நோட்டே கொடு என்றாலும் மறுபேச்சில்லாமல் நோட்டை எடுத்துக் கொடுப்பார்.

முதலில் டீ குடிக்கிறவர்கள் வைத்திருந்தார்கள். அப்புறம் வெற்றிலைக்கடைக்காரர் வாங்கினார். சவரம் செய்கிறவர், ஜட்காக்காரர், கீரைக்காரி என்று வாங்க ஆரம்பித்தார்கள். தர்கா உண்டியலில் விழுந்தது, கோயில் உண்டியலிலும் விழுந்தது, இரண்டு இடத்திலும் ஆட்சேபணை எழவில்லை. கச்சேரிச் சேவகம் பார்க்கும் எங்கள் டவாலிகள் மாமூலையே வில்லையாக வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஒரு நாணயத்துக்கு என்ன அந்தஸ்து வேண்டும்?

இந்த நேரத்தில்தான் சர்க்கார் விழித்துக்கொண்டு புதுக் காலணா அடித்து அனுப்பியது. செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் பெரிய ஓட்டை போட்டு அனுப்பியது. ஒரு மூட்டை எங்கள் கஜானாவுக்கு வந்து இறங்கிற்று. உத்தியோகஸ்தர்கள் முன்மாதிரியாக இருக்க வேண்டுமாம், எங்கள் சம்பளத்தில் கொஞ்சத்தை அந்தக் காசாகக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு ஒரு சங்கதி தெரிந்திருக்காது. எங்கள் பக்கம் ஓட்டை போட்ட காசு என்றால் அது காசே இல்லை. பிள்ளைகள் அரைஞாணில் கோத்துக் கட்டுவதற்கும், மாட்டுக் கழுத்துக் கயிற்றில் தொங்கவிடுவதற்கும் ஆனது. ஓட்டை போட்ட அந்த நிமிஷமே அது செத்த காசு. பச்சைப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். லண்டனுக்கோ டில்லிக்கோ தெரியவில்லை.

என் மனைவி அந்தக் காசை எடுத்துக்கொண்டு வாசலில் கீரை வாங்கப் போனாள். கீரை கொண்டு வருகிறவள் பேச்சியம்மாள். கப்பலூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அப்போது கண்ணுக்கெட்டிய தூரம் காடும் வயலும்தான். விடியுமுன் புறப்பட்டுக் கூடையோடு நடந்தே டவுனுக்கு வருவாள். அவள் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனவன், கடுதாசி வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"ஆத்தி, ஓட்டக் காசா!" என்று கையை இழுத்துக்கொண்டாள் பேச்சியம்மாள். "இதப் பிள்ள அரைஞாண்ல கட்டுங்க தாயி, அழகா இருக்கும். கீரைக்கு வேற குடுங்க."

"பிள்ளைக்கு நான் எங்க போக? கல்யாணமே இப்பத்தான ஆச்சு. இது சர்க்கார் காசுடி, ராசா தல... தல இல்ல, கிரீடம் இருக்கு பாரு."

"கிரீடம் இருக்கு, நடுவுல வகுறு இல்லயே. பாய் வில்ல இருந்தாக் குடுங்க."

என் மனைவி உள்ளே வந்து காசை என் மேசையில் வைத்தாள். "உங்க ராசா காச நீங்களே வச்சுக்கங்க" என்று சொன்னாள். அன்றைக்கு வீட்டில் கீரை இல்லை, பேச்சும் இல்லை.

நிலைமை தல்லாகுளத்துக் கலெக்டர் ஆபீசுக்கு எட்டியது. அங்கிருந்து காகிதம் வந்தது. தனியார் ஒருவர் நாணயம் வெளியிடுவது மன்னர் உரிமையில் கை வைப்பதாகும், உடனே தடுக்கவும், புதிய நாணயம் புழக்கத்துக்கு வந்ததென்று அறிக்கை அனுப்பவும் என்று கண்டிருந்தது. தாசில்தார் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் இடது கையில் டீ கிளாஸ் இருந்தது. மீரான் பாய் கடை டீ.

முதலில் தண்டோரா போட்டோம். மாயாண்டி என்று ஒரு கிழவர், தப்பை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார்: "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, வில்லை செல்லாது! ஓட்டைக் காசு செல்லும்!"

நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். ஜனங்கள் கேட்டார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், சிரித்தார்கள். "கெழவன் போட்டுட்டு வந்துருக்கான், மாத்திச் சொல்றான்" என்றார் ஒரு ஜட்காக்காரர். வாசலில் நின்ற ஒரு ஆச்சி உள்ளே இருந்தவர்களுக்குத் திருத்தியே சொன்னாள்: "ஒண்ணுமில்லடி, வில்ல செல்லுமாம், ஓட்டக் காசு செல்லாதாம்." மாயாண்டி நான்கு மாசி வீதியும் தொண்டை வற்றக் கத்தி முடித்தபோது, பாய் வில்லைக்குச் சர்க்காரே ஜாமீன் சொல்லிவிட்டது என்று ஊர் முழுக்க நம்பிற்று. மாயாண்டிக்கு அன்றைய கூலியாக ஓட்டைக் காசு கொடுத்தோம். அவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தண்டோரா கவிழ்ந்ததால் அடுத்த நாள் காலை கடையைச் சீல் வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவானது. ஒரு கான்ஸ்டபிளும் நானும் போனோம்.

"வாங்க தம்பி, மொதல்ல டீ சாப்பிடுங்க" என்றார் பாய். "அப்புறம் உங்களுக்கு அரக்கு உருக்கணும்ல, அடுப்புல நெருப்பு இருக்கு."

அவர் அடுப்பிலேயே அரக்கை உருக்கி அவர் கதவிலேயே சீல் வைத்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கதவைச் சாத்துமுன் பாய் உள்ளே கைகாட்டினார். கல்லாவுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி.

"வில்லைக்கு ஈடா வாங்குன நோட்டெல்லாம் அதுலதான் இருக்கு. ஒண்ணுகூடத் தொட்டதில்ல. அது என் துட்டு இல்ல தம்பி. அமானிதம்."

அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்தது, கேட்கும்போது திருப்பித் தர வேண்டியது. பாய் எதிர்ச் சுவரோரம் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "கேட்டு வர்றவங்களுக்குப் பதில் சொல்லணும்ல, நான் எங்கயும் போகல" என்றார்.

கச்சேரிக்குத் திரும்பினால் முற்றத்து வேப்பமரத்தில் ஒரு கறவை மாடு கட்டியிருந்தது. கிஸ்தி பாக்கிக்காக ஜப்தி செய்தது, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏலம். பட்டாளத்து முகாமுக்கு மாடு பிடித்துக் கொடுக்கிற கான்ட்ராக்டர் ஒருவர் அப்போதே வந்து அதன் முதுகைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்கு மாடு வாங்குகிறவர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கன்று கிராமத்தில் நிற்கிறது. மடி கட்டிப்போய் மாடு விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. எந்த அறையில் உட்கார்ந்தாலும் அந்தச் சத்தம் வந்தது.

மத்தியானம் தலையில் கூடையில்லாமல் ஓடி வந்தாள் பேச்சியம்மாள். அப்போதுதான் அது அவளுடைய மாடு என்று எனக்குத் தெரிந்தது. நேரே தாசில்தார் முன்னால் போய் மடியை அவிழ்த்தாள். கலகலவென்று மேசை நிறையப் பித்தளை வில்லைகள்.

"கிஸ்தி மூணு ரூவா ஏழேகால் அணா சாமி. இதுல கூடவே இருக்கும், எண்ணிக்கங்க. மாட்ட விட்ருங்க."

"இது செல்லாதும்மா" என்றார் தாசில்தார்.

"பாய்கிட்டப் போனா நோட்டாக் குடுப்பாரு சாமி."

"பாய் கடையச் சீல் வச்சாச்சு."

"யாரு வச்சா?"

தாசில்தார் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். "சீல் வைக்கப்பட்டது" என்றார் தாசில்தார்.

அவள் மேசை மேல் கையை ஊன்றினாள். அப்புறம் வந்தது பாருங்கள். "அப்ப நான் என்னதான் சாமி செய்ய? கீர வித்த துட்டு அம்புட்டும் அந்தக் கடைக்குள்ள இருக்கு. துட்டு உள்ள பூட்டுனதும் நீங்க, துட்டு எங்கன்னு கேக்கறதும் நீங்க, மாட்டப் பிடிச்சதும் நீங்க! எம் புருசன் வேற உங்க பட்டாளத்துலதான இருக்கான். இன்னும் எங்கிட்ட என்ன வேணும்?"

தாசில்தார் பொடி டப்பாவைத் தேடினார். "சட்டம் தெளிவா இருக்கும்மா. சர்க்கார் காசு கொண்டா, மாட்டக் கொண்டு போ. காசு எங்கருந்து வரும்னு சர்க்கார் கேக்காது." என்னிடம் திரும்பி, "எனக்குச் சாப்பாட்டு நேரம் ஆச்சுய்யா. ஏலத்துக்கு வந்துர்றேன். அந்த ஓட்டைக் காசு மூட்ட வேற அப்படியே கெடக்கு, புழக்கத்துக்கு வந்திருச்சுன்னு நாளைக்கு ரிப்போர்ட் போகணும். என்னத்த எழுதறதுன்னு யோசிச்சு வை" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

தம்பிகளா, நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி உங்கள் பயிற்சி வகுப்பில் ஏதோ படம் போட்டுக் காட்டுகிறார்களாம். எனக்குப் படம் ஒன்றும் தெரியவில்லை. சீலை உடைத்தால் வேலை போகும். உடைக்காவிட்டால் மாடு போகும். எனக்கு வேலை பெரிது, பயமாகவும் இருந்தது. ஆனால் அந்த மாடு கத்துவதை நிறுத்தவில்லை. அவளோ வில்லைகளை ஒவ்வொன்றாக மடியில் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று மேசைக்கடியில் உருண்டது, குனிந்து தேடி அதையும் எடுத்தாள்.

அப்போதுதான் கணக்கு விளங்கியது. நோட்டு பாய் கடைக்குள். ஓட்டைக் காசு கஜானாவுக்குள். வில்லை இவள் மடிக்குள். இந்த மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால் எல்லாம் தீர்ந்துவிடும். பார்க்கவிடாமல் நடுவில் நிற்பது நான் வைத்த அரக்கு ஒன்றுதான்.

சீலை உடைக்கத்தான் எனக்கு அதிகாரமில்லை. உள்ளே இருக்கும் பொருளுக்கு மகஜர் தயாரிக்க, அதாவது சாட்சிகள் முன்னால் இன்னின்னது இருக்கிறது என்று எழுதிக்கொள்ள, அதிகாரம் உண்டு. மூடிய கதவுக்கு வெளியே நின்று மகஜர் எழுத முடியுமா? முடியாது. ஒரு காகிதம் எடுத்து எழுதினேன்: "பொருள்களைப் பரிசீலிக்கும் பொருட்டுக் கதவு திறக்கப்பட்டது." தாசில்தாருடைய இலக்கணம் அப்படியே உட்கார்ந்தது.

கஜானாவில் ஷராப் இருந்தார். காசைத் தட்டி, சுண்டி, உரசிப் பார்த்து நல்லதை வாங்கிக் கள்ளக் காசைத் தள்ளுவது அவர் வேலை. அந்த ஜன்னலுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து நரைத்தவர். "பாய் நோட்டுக் கொடுப்பார், ஈடாக அந்த மூட்டையை அனுப்புங்கள்" என்றேன். "தாராளமா எடுத்துட்டுப் போங்க, கால நீட்ட எடமில்ல" என்று மூட்டையை அவிழ்த்துக்கூடப் பார்க்காமல் டவாலி தலையில் தூக்கி வைத்தார்.

பேச்சியம்மாளும் என் பின்னாலேயே வந்தாள். காஜிமார் தெரு முக்கில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. மில் கூலிகள், வண்டிக்காரர்கள், பூக்காரிகள் என்று வில்லை வைத்திருந்த அத்தனை பேரும். யாரும் கல் எடுக்கவில்லை. ஆனால் எடுக்கக்கூடிய கூட்டம்தான். கான்ஸ்டபிள் லத்தியை இறுக்கிப் பிடித்திருந்தார், அவர் பையிலும் வில்லை இருந்தது. பாய் காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாய், கதவத் திறக்கறேன். வில்லையெல்லாம் திருப்பி வாங்கிக்கணும்" என்றேன்.

"அதுக்குத்தான உக்காந்துருக்கேன். ஆனா ரெண்டணாவுக்கும் மூணணாவுக்கும் நோட்டக் கிழிச்சா குடுக்க முடியும்?"

மூட்டையைக் காட்டினேன். பாய் ஒரு காசை எடுத்து ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "சர்க்காருக்கு நான் ஜாமீனா தம்பி? காலையில எனக்குச் சீலு, மத்தியானம் நான் ஜாமீனு!"

"ஆமா பாய். வேற வழியில்ல."

"இத நீங்க கிஸ்திக்கு வாங்குவீங்களா?"

"வாங்குவோம்."

"அப்பச் சரி. நான் டீக்கு வாங்கறேன்."

கதவு திறக்கப்பட்டது. பெட்டி திறக்கப்பட்டது. மூட்டைக்கு ஈடான நோட்டு கஜானாவுக்குப் போயிற்று, மூட்டை அவிழ்ந்தது. முதல் ஆளாக ஒரு பூக்காரி வில்லையை நீட்டினாள். பாய் ஓட்டைக் காசை எண்ணி வைத்தார். அவள் பின்வாங்கினாள். "வேணாம் பாய், நீங்களுமா இதத் தர்றீங்க?" என்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ "பாயையும் மெரட்டிட்டாங்கடா" என்றான். கல் வருவதற்கு இன்னும் ஒரு வார்த்தைதான் பாக்கி.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "வழிய விடுங்கப்பா!" தண்டோரா மாயாண்டி. தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு முண்டியடித்து முன்னால் வந்தார். இடுப்பிலிருந்து இரண்டு ஓட்டைக் காசை எடுத்துப் பலகையில் வைத்தார்.

"நேத்துப் பூரா இது செல்லும் செல்லும்னு கத்துனேன். எவனும் எனக்கு ஒரு வெத்தல தரல. குடிச்சிட்டு ஒளறுறேன்னு சொன்னீங்க. இப்ப நீ சொல்லு பாய். செல்லுமா, செல்லாதா?"

பாய் அடுப்பை விசிறினார். பாலை ஊற்றினார். கெட்டிலை உயரத் தூக்கி ஆற்றினார். இரண்டு காசையும் எடுத்துக் கல்லாவில் போட்டுவிட்டுக் கிளாஸை மாயாண்டி முன்னால் வைத்தார். அத்தனை பேரும் அந்தக் கிளாஸையே பார்த்தார்கள். மாயாண்டி ஊதி ஊதிக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூக்காரி கையை நீட்டினாள். அப்புறம் வில்லைகள் வந்து கொட்டின. ஆறாம் ஜார்ஜ் மன்னருடைய காலணா எங்கள் வட்டாரத்தில் செல்லுபடியானது அந்த ஒரு கிளாஸ் டீயில்தான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நம்பாவிட்டால் போங்கள்.

பாய்க்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். அவர்மீது போட்ட ஃபைல் தல்லாகுளத்துக்கும் எங்களுக்கும் நடையாய் நடந்து, யுத்தம் முடிந்ததும் அதுவும் முடிந்தது. கைப்பற்றிய வில்லைகளைச் சாக்கில் கட்டிக் கச்சேரி மூலையில் வைத்தோம். சாக்கு நாளுக்கு நாள் இளைத்தது. எங்கள் டவாலிகள் அதை எடுத்துக்கொண்டு போய் டீ குடித்தார்கள், பாயும் ஒன்றும் கேட்காமல் ஊற்றினார். கதவு திறக்கப்பட்டதைப் பார்த்த தாசில்தார், "யார்யா திறந்தது?" என்று கேட்டார். "திறக்கப்பட்டது சார்" என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டு ஒரு சிட்டிகை பொடி கொடுத்தார். புதிய நாணயம் பொதுமக்களால் உற்சாகத்துடன் வரவேற்கப்பட்டது என்று ரிப்போர்ட் போயிற்று. அதில் டீ பற்றி ஒரு வரி கிடையாது.

பேச்சியம்மாளுக்குப் பாய் மூன்று நோட்டும், மீதிக்கு ஒரு கைப்பிடி ஓட்டைக் காசும் கொடுத்தார். அவள் வாங்க யோசித்தாள். "போ தாயி, வாங்குவாங்க" என்றார் பாய். என் சைக்கிளுக்கு முன்னால் அவள் ஓடினாள். நாங்கள் கச்சேரிக்குள் நுழைந்தபோது கான்ட்ராக்டர் மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தார். தாசில்தார் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏலம் கூற டவாலி தொண்டையைச் செருமினான்.

"கட்டியாச்சு, கட்டியாச்சு" என்று கத்திக்கொண்டே அவளைக் கஜானா ஜன்னலுக்கு இழுத்துப் போனேன். அவள் நோட்டையும் காசையும் உள்ளே தள்ளினாள். ஷராப் நோட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உள்ளே வைத்தார். காசை ஒரு கண் பார்த்தார். அடுத்த கணம் கை தானாக நீண்டு அத்தனை காசையும் வெளியே தள்ளியது.

"ஓட்டக் காசு செல்லாதும்மா. வேற குடு."

மத்தியானம் அந்த மூட்டையைத் தூக்கிக் கொடுத்த அதே கை! பேச்சியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. முற்றத்தில் டவாலி, "ஒரு தரம்" என்று ஆரம்பித்துவிட்டான்.

அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பாய் வாங்கிக்கிட்டாரே சாமி! எங்கண்ணு முன்னால வாங்கி டீ ஊத்துனாரே!"

ஷராப் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "யாரு, மீரான் பாயா?"

"ஆமா சாமி."

"அவரே வாங்கிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே காசை உள்ளே இழுத்துக்கொண்டார். "அப்பச் செல்லும்."

ரசீதில் முத்திரை விழுந்தது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை, கான்ட்ராக்டர் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கப் போய்விட்டாள். நான்தான் ரசீதை எடுத்துக்கொண்டு வாசல் வரை ஓடினேன்.

"இந்தாம்மா, இத மறந்துட்டியே."

"என்ன சாமி இது?"

"கிஸ்தி கட்டினதுக்கு ரசீது. சர்க்கார் முத்திரை போட்டது. பத்திரமா வச்சுக்க, நாளைக்கு யாரும் மறுபடி வந்து மாட்டப் பிடிக்க முடியாது."

அந்தக் காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

"இது செல்லுமா சாமி?"

"செல்லும்" என்றேன்.

காகிதத்தை மடித்து மடியில் சொருகிக்கொண்டாள். மாடு கன்றை நினைத்து அவளை இழுத்தது.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள். "எதுக்கும் போற வழியில பாய்கிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."